கடல்வழியே ஒரு வரலாற்று வகுப்பு: பினாங்கில் அரைநாள் படகுப் பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், பிள்ளைகளைப் பயனுள்ள இடத்திற்கு எங்கே அழைத்துச் செல்லலாம் எனப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கொடிமலையும் தண்ணீர்மலையும் அனைவரும் அறிந்தவை. இம்முறை நான் பரிந்துரைப்பது ஒரு விசைப்படகுப் பயணம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு எடுத்தால் பினாங்கின் கிழக்குக் கரையை அரைநாளில் கண்டு திரும்பலாம். இதனை வெறும் உல்லாசப் பயணமாக நான் கருதவில்லை. நம் முன்னோருள் பலர் இந்நாட்டை முதன்முதலில் கண்டது கடலிலிருந்துதான். அவர்கள் கண்ட அதே திசையிலிருந்து பிள்ளைகள் இத்தீவைக் காணவேண்டும் என்பதே என் நோக்கம்.

1. புறப்படும் இடம்: ஸ்ட்ரெய்ட்ஸ் கீ

தஞ்சோங் தோக்கோங் பகுதியில் 2010-இல் திறக்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையிலிருந்து புறப்படுவது வசதியானது. படகுகளை அணைக்கும் மேடைகளும் அவற்றைச் சூழ்ந்து உணவகங்களும் அங்குள்ளன. கடலை மண்ணிட்டு நிரப்பிய நிலத்தில் அமைந்தது அத்துறை. நம் தாத்தா பாட்டி காலத்தில் அவ்விடம் கடலாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால், துறையை விட்டு வெளியேறியதும் வடக்கே கெடாவின் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை பழங்கால மாலுமிகளுக்குத் திசைகாட்டியாக விளங்கியது. அதன் அடிவாரத்தை ஒட்டியதே பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற ஊர்களுள் ஒன்றாகத் தஞ்சைக் கல்வெட்டு குறிப்பிடும் கடாரம் இப்பகுதியே என்பர். பினாங்குக்கு வெள்ளையர் வருவதற்கு ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் இக்கடலை அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. கோட்டையும் துறைமுகமும்

படகு தெற்கே திரும்பினால் கார்ன்வாலிஸ் கோட்டை வரும். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவை உரிமையாக்கிக் கொண்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆட்கள் வரை ஏற்றி வருவதாக 1794-இல் அவர் எழுதினார். தோட்டங்களும் இரப்பரும் வருவதற்கு முன்பே வணிகராகவும் கூலியாட்களாகவும் படகோட்டிகளாகவும் நம்மவர் இங்கு இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

சுவெட்டன்ஹாம் துறை 1904-இல் கட்டி முடிக்கப்படும் வரை பெருங்கப்பல்கள் கரையை அணைவதில்லை. அவை நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்குகளையும் சம்பான்களும் தொங்காங்குகளும் கரை சேர்த்தன. அவற்றை ஓட்டியவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் பலர். பழைய நகரின் தெரு ஒன்றினைத் தமிழர் 'படகுக்காரத் தெரு' என்றே அழைத்தனர். 1816-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். நம் பள்ளிகளின் வரலாறும் இத்துறைமுக நகரில்தான் தொடங்குகிறது.

இங்கே பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் கதை ஒன்றுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் போலிப் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்து, உருசியாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தது. துணிச்சலும் தந்திரமும் உள்ளவனை 'எம்டன்' என்று நாம் சொல்வது அக்கப்பலால் வந்த வழக்கு. அச்சொல் பிறந்த கதையின் இரண்டாம் பகுதி இந்நீர்ப்பரப்பில் நிகழ்ந்தது.

அடுத்து வருவது வெல்ட் கீ. சியூ, லிம், டான் முதலிய சீனக் குலத்தார் நீரின்மேல் தூண்கள் நட்டு எழுப்பிய குடியிருப்புகள் அங்குள்ளன. 2008-இல் ஜோர்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது இவையும் அதில் அடங்கின. நம்மைப் போலவே அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள் என்று பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் நல்ல இடமில்லை.

3. ஜெரெஜாக் தீவு

1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் அடியில் கடந்து சென்றால் ஜெரெஜாக் தீவு எதிர்ப்படும். பயணத்தின் மையம் இதுவே. இங்கு விசையைக் குறைத்து மெல்லச் செல்லுமாறு படகோட்டியிடம் சொல்லுங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவில் தொழுநோயாளர் இல்லமும், வந்திறங்குவோரைத் தனிமைப்படுத்தும் முகாமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களில் அம்மையோ காலராவோ இருக்கலாம் என்னும் அச்சமே காரணம். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் தொழிலாளர்க்குக் கப்பல் கட்டணம் அந்நிதியிலிருந்து செலுத்தப்பட்டது, ஆயிரமாயிரமாய் வந்தனர். இம்முகாமில் அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த ஏழைகளே. அறை எடுத்து வந்தவர்க்குப் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை. நோய்க்கு ஏழை பணக்காரர் வேறுபாடு தெரியாது, சட்டத்திற்குத் தெரிந்திருந்தது.

தோட்டக் கூலிகளின் குடிபெயர்வை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. எனினும் சொந்தச் செலவில் வருவோரும் உறவினரைக் கண்டு திரும்புவோரும் பிற்காலத்திலும் கப்பலேறினர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை நம் மக்களைச் சுமந்தது. உங்கள் இல்லத்துப் பெரியவர்களுள் யாரேனும் அப்பெயரை இன்றும் சொல்லக்கூடும்.

ஜெரெஜாக்கில் பின்னர்க் காசநோய் மருத்துவமனை இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை இருந்தது. 2004-இல் உல்லாச விடுதி வந்தது, அதுவும் மூடப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய தடயங்கள் குறைகின்றன. கட்டடங்கள் காட்டுக்குள் மறைகின்றன. நினைவுகள் பெரியவர்களோடு மறைகின்றன. ஆறாம் ஆண்டு மாணவனுக்குத் தன் கொள்ளுப்பாட்டனார் எத்தோட்டத்தில் வேலை செய்தார் என்பது ஒருவேளை தெரிந்திருக்கும். எக்கப்பலில் வந்தார், எத்தனை நாள் இத்தீவில் காத்திருந்தார் என்பது தெரியாது. தோட்டத்திலிருந்து தொடங்கும் வரலாறு பாதி வரலாறே.

4. உணவும் திரும்புதலும்

நண்பகல் உணவிற்கு அமான் தீவு ஏற்றது. செபராங் பிறைக் கரையோரம் உள்ள இச்சிறு மீனவர் தீவில் மலாய்க்காரர்கள் நடத்தும் கடைகளில் இறால் மீ புகழ்பெற்றது. சைவ உணவினர் கட்டுச்சோறு கொண்டு செல்வது நலம். மாலையில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ திரும்பித் தேநீர் அருந்திக் கலையலாம்.

5. திட்டமிடுவோர் கவனத்திற்கு

• டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. புரட்டாசி விரதமும் அப்போதே வருவதால் அம்மாதத்தைத் தவிர்க்கலாம்.

• காலையிலேயே புறப்படுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' எனப்படும் திடீர்ப் புயற்காற்று விடியலுக்கு முன் வீசக்கூடும். முதல்நாள் இரவே வானிலை அறிக்கையைப் பாருங்கள்.

• தென்பகுதியில் சேற்றுத் திட்டுகள் உண்டு. கடலின் ஏற்ற இறக்க நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டறிந்து, நீர் ஏறியிருக்கும் வேளையில் அங்குச் செல்லுங்கள்.

• உரிமம் பெற்ற படகையே அமர்த்துங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான பாதுகாப்பு ஜாக்கெட் இருக்கிறதா எனப் புறப்படும் முன்னரே எண்ணிப் பாருங்கள்.

• வெல்ட் கீ அருகே பயணிகள் படகுகளின் குறுக்கே செல்லாதீர்கள். ஜெரெஜாக்கில் இறங்க விரும்பினால் அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சுற்றி வந்தாலே நம் நோக்கம் நிறைவேறும்.

6. வீட்டுப்பாடம்

பயணத்திற்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தில் மூத்தவரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதி வரட்டும். நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தார்? கப்பலின் பெயர் என்ன? எங்கே இறங்கினார்? விடை கிடைக்காத வினாவிற்கு 'தெரியவில்லை' என்றே எழுதட்டும். அதுவும் ஒரு பதிவுதான். ஜெரெஜாக்கின் அருகே படகு நிற்கும்போது அவற்றை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.