ஹைதராபாத் 1948 — 7: துப்பாக்கிக்குப் பின் வாக்குப்பெட்டி

நிஜாமின் தளபதி எல் எட்ரூஸ் 1948 செப்டம்பர் 18 அன்று சரணடைந்ததைப் போன வாரம் பார்த்தோம். சோலாப்பூர் பக்கமிருந்து வந்த இந்திய ராணுவத்தின் மேஜர் ஜெனரல் சவுத்ரி ராணுவ ஆளுநரானார்.

சண்டை ஐந்தே நாளில் ஓய்ந்தது. ஊர்கள் ஓயவில்லை. நிஜாமுக்காகப் போராடிய ரஜாக்கர் படையினர் செய்த கொடுமைக்குப் பழியாக, அவர்களோடு சம்பந்தமே இல்லாத ஏழை முஸ்லிம்கள் வெட்டப்பட்டார்கள். நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, 109 கிராமங்களைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோரை விசாரித்தது. குறைந்தது 27,000 பேர், 40,000 வரைகூட இறந்திருக்கலாம் என்றது. சில இடங்களில் சிப்பாய்களுக்கும் பங்கிருந்ததாக எழுதியது. டெல்லி அந்த அறிக்கையை வெளியிடவில்லை. என்னைக் கேட்டால், புதிய ஆட்சி செய்த முதல் பெரிய தவறு இதுதான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் நடந்ததையே ஒப்புக்கொள்ளாத அரசை அவர் எப்படி நம்புவார்?

நல்லதும் நடந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகிர்தாரி என்ற நிலவுடைமை முறை ஒழிந்தது. 1950இல் நிஜாம், ஆளுநருக்கு நிகரான ராஜப்பிரமுகர் ஆனார். வெள்ளோடி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி முதலமைச்சர். ஆனால் அவர் டெல்லி நியமித்தவர், மக்கள் தேர்ந்தெடுத்தவரல்ல.

தெலங்கானாவில் நிஜாமையும் பிறகு இந்திய ராணுவத்தையும் எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்டுகள் 1951 அக்டோபரில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே பொதுத்தேர்தல். கம்யூனிஸ்டுகள் போட்டியிட்ட மக்கள் ஜனநாயக முன்னணியின் ராவி நாராயண ரெட்டி, நல்கொண்டாவில் நேருவைவிட அதிக வாக்குகள் வாங்கி மக்களவைக்குப் போனார். நேற்றுவரை ராணுவம் தேடிய கட்சியின் தலைவர் அவர்! இந்தியா தன்னை நம்பச் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1952 மார்ச் 6. புர்குலா ராமகிருஷ்ண ராவ் தலைமையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பதவியேற்றது. நிம்மதி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. ராணுவ ஆட்சியின்போது மதராஸிலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் வந்த அதிகாரிகளும் ஆசிரியர்களும் நாற்காலிகளில் நிலைத்துவிட்டார்கள். முல்கி எனப்பட்ட உள்ளூர்க்காரர்கள் வேலை கேட்டுத் தெருவில் நின்றார்கள். “நான்-முல்கி கோ பேக்!” என்ற முழக்கத்தோடு “இட்லி சாம்பார் கோ பேக்!” என்ற குரலும் எழுந்தது. நம்மவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கோபம்.

செப்டம்பர் 3. சிட்டி கல்லூரி அருகே மாணவர் கூட்டம். எதிரே, மக்கள் வாக்களித்து அமைத்த அரசின் போலீஸ். துப்பாக்கி வெடித்தது...

(தொடரும்)