தெருவென்று பெயர்ப்பலகை, ஏறினால் படிக்கட்டு

பிட்ஸ்பர்க்குக்குக் குடிவந்த புதிதில், சவுத் சைட் ஸ்லோப்ஸ் பகுதியில் ஒரு வீட்டைத் தேடிப் போனேன். வரைபடத்தில் தெரு நேராக ஓடியது. முனைக்குப் போனால் தார்ச்சாலை முடிந்துவிட்டது. பெயர்ப்பலகைக்குக் கீழே படிக்கட்டு. காரை ஓரங்கட்டிவிட்டு ஏறினேன். வீட்டு வாசல்கள் படியைப் பார்த்தே இருந்தன.

இந்த ஊரில் பல படிக்கட்டுகளும் தெருக்கள்தான். அவற்றுக்குப் பெயர் உண்டு, அவற்றின்மேல் உள்ள வீடுகளுக்குக் கதவிலக்கம் உண்டு. 1990களில் பாப் ரீகன் என்பவர் சைக்கிளில் ஊரெல்லாம் அலைந்து 712 படிக்கட்டுகளைக் கணக்கெடுத்தார். ஃபைன்வியூ பகுதியில் இருக்கும் ரைசிங் மெயின் வே என்ற படிக்கட்டில் மட்டும் 371 படிகள்.

இத்தனை படிகள் ஏன்? ஊருக்குள் ஓடும் மொனாங்கஹீலா ஆற்றின் ஓரம் சமதரை கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதியை ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் எஃகு ஆலையும் ரயில் தண்டவாளமும் எடுத்துக்கொண்டன. பிழைக்க வந்த ஜெர்மானியரும் போலந்துக்காரரும் சரிவில் வீடு கட்டினார்கள். 1870இல் மொனாங்கஹீலா இன்க்ளைன், 1877இல் டுகேன் இன்க்ளைன் என்று மலையேறும் இழுவை ரயில்கள் வந்தன. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. படிக்குக் கிடையாது, கால் வலிதான் கூலி. முதலில் மரப்படிகள், பிறகு கான்கிரீட்.

என் பக்கத்து வீட்டு மூதாட்டியின் அப்பா அந்த ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர். விடியற்காலையில் மரப்படியில் பல பூட்ஸுகள் ஏறிவரும். சிறுமியாக இருந்த மூதாட்டி, படுத்தபடியே அவற்றில் அப்பாவின் நடை எது என்று கண்டுபிடித்துவிடுவாராம். அவர் இதைச் சொன்னதிலிருந்து, படியில் கால்வைக்கும்போதெல்லாம் என் காது தானாகக் கூர்மையாகிறது.

1980களில் ஆலையை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கடைகள். ஏறி இறங்கும் கால்கள் குறைந்ததும் படிகளைக் கவனிப்பாரில்லை. விரிசலில் புகும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. பனிக்குத் தூவும் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் தின்கிறது. கோடையில் ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி ஆளுயரத்துக்கு மண்டி, கைப்பிடிக் குழாயையே மறைத்துவிடுகிறது.

எங்கள் வீட்டருகே இருக்கும் படிக்கட்டை, நடுவே நான்கு படிகள் இடிந்ததற்காகத் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். மூன்று குளிர்காலம் போய்விட்டது. ஒரு சாலையில் நான்கு கஜம் இடிந்திருந்தால் இத்தனை நாள் விட்டிருப்பார்களா? பஸ் நிறுத்தம் கீழேதான். கார் இல்லாத அந்தப் பக்கத்து வீட்டு மூதாட்டி, நடைபாதையே இல்லாத வளைவுச் சாலையில் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சுற்றிப் போகிறார். படியில் ஐந்து நிமிட வழி அது.

போன வாரம் தடுப்பருகே போய் நின்று பார்த்தேன். அதன் இடப்புறம் செடிகள் ஒடிந்து, மண்ணில் ஓர் ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது. இடிந்த நான்கு படிகளையும் சுற்றிக்கொண்டு, ஐந்தாவதில் போய் ஏறுகிறது.