ஓம் கூட்டிய 20.25 அங்குலம்

கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் கியோர்க் சைமன் ஓம், கம்பியின் நீளத்தையும் மின்னோட்டத்தையும் இணைத்து 1825-இல் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. அவர் வைத்திருந்த மின்கலம் நிலையாக நிற்கவில்லை. சுற்றை மூடியதுமே வலு சரியத் தொடங்கியது. ஓட்டம் குறைந்தது கம்பியாலா, கலத்தாலா என்று பிரித்தறிய முடியவில்லை. வெப்ப மின்னிரட்டையை வைத்துப் பாருங்கள் என்று வழிகாட்டியவர், அறிவியல் இதழாசிரியர் போகெண்டார்ஃப். பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு சந்தி கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் அசையாது; மின்னியக்கு விசையும் அசையாது.

1826 ஜனவரியில் எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தார். குட்டையானது 2 அங்குலம், நெடியது 130. காந்த ஊசி விலகும்போதெல்லாம், அது தொங்கிய இழையை முறுக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, முறுக்கிய அளவையே ஓட்டத்தின் அளவாகக் குறித்துக்கொண்டார். 2 அங்குலத்துக்கு 326.75. 130-க்கு 48.5. நீளம் 65 மடங்கு கூடியும் ஓட்டம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கியது.

இங்கேதான் அவருடைய மேதைமை எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு நீளத்தோடும் 20.25 கூட்டி, அந்தத் தொகையால் 7285-ஐ வகுத்தால் எட்டு அளவுகளும் கிட்டத்தட்ட அப்படியே வருகின்றன. கடைசிக் கம்பிக்குப் போட்டுப் பாருங்கள்: 150.25-ஆல் வகுக்க 48.5. 7285 என்பது மின்னிரட்டையின் விசையைக் குறிக்கிறது, 20.25, கம்பி நீங்கலாகச் சுற்றின் மற்ற பாகங்கள் தரும் தடை. அளக்கும் கருவியும் அதில் அடக்கம்.

1827-இல் பெர்லினில் வெளிவந்த அவரது நூலுக்கு வரவேற்பு இல்லை; மனம் நொந்து வேலையை விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் தந்தபோது 1841 ஆகிவிட்டது. பிறகு பாடநூல்களுக்குள் வந்த விதி, மின்னழுத்தம் என்பது ஓட்டத்தைத் தடையால் பெருக்கியது என்று சுருங்கியது. மனப்பாடம் செய்ய அதுவே எளிது. ஆனால் கணக்கைச் சரிபார்க்கும்போது அந்த 20.25 அவசியம் வேண்டும்.

அளக்கும் கருவியையும் கணக்கில் சேர்ப்பது இன்றும் தேவைதான். 9 வோல்ட்டில் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால், ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ட் வரவேண்டும். 10 மெகா ஓம் உள்தடையுள்ள மல்டிமீட்டரை ஒன்றின் குறுக்கே வைத்தால் 4.29 காட்டும். ரெசிஸ்டர் பழுது என்று தூக்கிப்போட வேண்டாம். மீட்டரையும் பக்க இணைப்பில் ஒரு தடையாகச் சேருங்கள்: 1 மெகா ஓம், 0.909 ஆகிறது. மறுபடி ஓம் விதியைப் போட்டால் கணக்கிலும் 4.29 வரும்.