2147483647
2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது ஒரு பகா எண் ஆகும். 2³¹ − 1 என்றும் எழுதப்படும் இவ்வெண் எட்டாவது மெர்சென் பகா எண்ணாகும். 32 பிட் கணினிகளில் குறியுடைய முழு எண்ணின் உச்ச மதிப்பாகவும் இது அமைகின்றது.

பகா எண் என்பதற்கான நிறுவல்

பிரான்சைச் சேர்ந்த மெர்சென் 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இவ்வெண்ணைப் பகா எண்ணாகக் குறிப்பிட்டார். எனினும் இதனை 1772 ஆம் ஆண்டளவில் நிறுவியவர் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளரான லியோனார்டு ஆய்லர் ஆவார். அக்காலத்தில் அவர் பெரும்பாலும் பார்வையை இழந்திருந்தார்.

இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46341 இலும் சற்றுக் குறைவானது. எனவே அதற்குட்பட்ட பகா எண்கள் எவற்றாலும் இது மீதியின்றி வகுபடாது எனக் காட்டினால் போதும். ஆய்லர் இவ்வேலையைப் பின்வருமாறு சுருக்கினார்:

* ப என்னும் பகா எண் 2³¹ − 1 ஐ வகுக்குமாயின், 2³¹ ஐப் ப ஆல் வகுக்க மீதி 1 ஆகும். 31 பகா எண் என்பதால், பெர்மாவின் சிறிய தேற்றப்படி ப − 1 ஆனது 31 இன் மடங்காதல் வேண்டும். ப ஒற்றை எண் ஆதலால், அது 62க + 1 என்ற வடிவில் இருக்கும்.
* 2³² ஐப் ப ஆல் வகுக்க மீதி 2 ஆகும். 2³² ஒரு வர்க்க எண் ஆதலால், ப ஐ 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்கும்.

இவ்விரண்டையும் இணைத்தால், ப ஆனது 248க + 1 அல்லது 248க + 63 என்ற வடிவில் மட்டுமே அமைய இயலும். அவ்வடிவிலமைந்த பகா எண்களைச் சோதித்த ஆய்லர், அவற்றுள் ஒன்றும் இதனை வகுக்கவில்லை எனக் கண்டார்.

பிற கணிதப் பண்புகள்

* 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128 என்பது எட்டாவது நிறைவெண் ஆகும். அதாவது, தன்னைத் தவிர்ந்த வகுஎண்களின் கூட்டுத்தொகை அதற்கே சமமாகும்.
* 31 உம் ஒரு மெர்சென் பகா எண் (2⁵ − 1) ஆதலால், இது இரட்டை மெர்சென் பகா எண்ணாகும். 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 ஆகிய நான்கு மட்டுமே இவ்வகையில் அறியப்பட்டுள்ளன.
* இரும முறையில் இது தொடர்ச்சியான 31 ஒன்றுகளால் எழுதப்படும்.

பார்லோவின் கணிப்பு

மேற்கூறிய நிறைவெண்ணை விடப் பெரியதொன்று இனிக் கண்டறியப்படுவது ஐயமே என ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811 இல் எழுதினார். பயனற்ற அத்தேடலில் எவரும் இறங்கார் என்பது அவர் கருத்து. ஆனால் 1876 இல் எதுவார்டு லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் எனக் காட்டியதால், அதனினும் மிகப் பெரிய நிறைவெண் கிடைத்தது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண் 4,10,24,320 இலக்கங்களைக் கொண்டது.

கணினியியலில்

32 பிட்டுகளில் ஒன்று குறிக்கு ஒதுக்கப்படுவதால், எஞ்சிய 31 பிட்டுகளில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் இதுவே. யுனிக்சு வகை இயங்குதளங்கள் 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுகின்றன. இவ்வெண்ணிக்கையை 32 பிட்டுகளில் சேமிக்கும் கருவிகளில், 2038 சனவரி 19 அன்று ஒருங்கிணைந்த அனைத்துலக நேரப்படி 03:14:07 மணிக்கு இவ்வெல்லை எட்டப்படும். அடுத்த நொடியில் மதிப்பு −2147483648 ஆக மாறி, நாள் 1901 டிசம்பர் 13 எனக் காட்டப்படலாம். இது 2038 ஆம் ஆண்டுச் சிக்கல் எனப்படுகின்றது. நேரத்தை 64 பிட்டுகளில் சேமிப்பதே இதற்கான தீர்வாகும்.