ரெண்டுங்கெட்டான் வயசு

சேலத்திலிருந்து தெற்கே, பனமரத்துப்பட்டிப் பக்கம் கோடை விடுமுறையில் ஒரு மத்தியான நேரம் போய்ப் பாருங்கள். அரளித் தோட்டங்களுக்கு நடுவே பெரிய பெரிய கிணறுகள். தண்ணீர் கிடக்கிற வருஷமாக இருந்தால், கிணற்று மேட்டில் பையன்கள் கூட்டம் நிற்கும். எட்டு வயசுப் பொடியன் இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, படியைப் பிடித்தபடி மெதுவாக இறங்குவான். நாற்பது வயசுக்காரர் கடைசிப் படியில் உட்கார்ந்து நிதானமாக சோப்பு போடுவார். பதினஞ்சு வயசுக்காரன் மட்டும் மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி நிற்பான்! கீழே நாலு கூட்டாளிகள் ‘குதிடா!’ என்று கத்துவார்கள். அவ்வளவுதான், தலைகீழாகப் பாய்ச்சல்.

தண்ணீருக்குள் பாறை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். தனியாக வருகிற அன்றைக்கு அவனும் படியில் இறங்கித்தான் குளிக்கிறான். பிறகு ஏன் இந்தப் பாய்ச்சல்?

‘ரெண்டுங்கெட்டான் வயசு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள் நம் பெரியவர்கள். குழந்தையுமில்லை, பெரிய மனுஷனுமில்லை. வீட்டில் இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்து விடலாம். கோர்ட்டில்? அந்த வயசுக்காரன் ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு வந்து நின்றால், அவனை எந்தப் பக்கம் சேர்ப்பது? சட்டம் இருநூறு வருஷமாகத் திணறிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

மெக்காலே தலைமையிலான கமிஷன் 1837-ல் எழுதிக் கொடுத்து, 1860-ல் சட்டமானது இந்தியத் தண்டனைச் சட்டம். அதில் கணக்கு ரொம்ப சுலபம். ஏழு வயதுக்குக் கீழே எது செய்தாலும் குற்றமில்லை. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்ததன் விளைவு புரிகிற பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு தாண்டினால்? அந்தச் சட்டத்தின் கண்ணில் அவன் முழு மனுஷன்! (2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த ஏழும் பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன.)

பதிமூணு வயசுப் பையனையும் பழம்பெருச்சாளிகளையும் ஒரே சிறையில் அடைத்தால் என்ன ஆகும்? பையன் தொழில் கற்றுக்கொண்டு வெளியே வருவான். இது வெள்ளைக்காரனுக்கும் உறைத்தது. சீர்திருத்தப் பள்ளிகளுக்காக 1876-ல் தனிச் சட்டம் போட்டார்கள். செங்கல்பட்டில் 1887-ல் அப்படி ஒரு பள்ளி வந்தது.

அப்போதும் பதினாறைத் தாண்டிய பையன்களை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. இங்கிலாந்தில் சிறைத்துறைத் தலைவராக இருந்த ரகிள்ஸ் பிரைஸ் என்பவர், 1902-ல் கென்ட் மாவட்டத்தில் பார்ஸ்டல் என்ற கிராமத்தில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார். 16 முதல் 21 வயது வரையிலான கைதிகளைத் தனியே பிரித்து, தொழிலும் ஒழுங்கும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கிராமத்தின் பெயரே இந்த முறைக்கு நிலைத்துவிட்டது. ‘அடாலஸன்ஸ்’ என்ற தலைப்பில் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஹால் இரண்டு தடிமனான வால்யூம்களை வெளியிட்டது 1904-ல். பரிசோதனை முந்திக்கொண்டது, புத்தகம் பிறகுதான் வந்தது!

இந்த விஷயத்தில் சென்னை மாகாணம் காட்டிய வேகம் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை 1920-ல் இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது சென்னைதான். வங்காளத்துக்கு 1922, பம்பாய்க்கு 1924. அடுத்து, சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம், 1925. பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை உள்ளவர்களுக்கு ‘வளரிளம் குற்றவாளி’ என்று தனிப் பெயரே கொடுத்தது அந்தச் சட்டம். சிறைக்குப் பதிலாக, இரண்டு முதல் ஐந்து வருஷம் பார்ஸ்டல் பள்ளி.

கவனியுங்கள்... அப்போது ஸ்கேன் கிடையாது, மூளைக்குள் எட்டிப் பார்க்க வழியே கிடையாது. பையன்களைப் பார்த்துப் பழகிய அனுபவத்தில் மட்டுமே ‘இருபத்தொன்று வரை அவகாசம் கொடு’ என்றார்கள்.

விஞ்ஞானம் வந்து கையெழுத்துப் போட முக்கால் நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் ஜே கீட் என்ற டாக்டரும் அவரது குழுவும் ஒரே பிள்ளைகளை வருஷக்கணக்கில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சின்ன வயதிலேயே மூளை முழுசாகத் தயாராகிவிடுகிறது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. பதின்வயதில் மூளைக்குள் பெரிய மராமத்து வேலையே நடக்கிறது! தேவையில்லாத இணைப்புகள் வெட்டப்படுகின்றன, தேவையானவை பலப்படுகின்றன. வேலை பின்பக்கத்தில் ஆரம்பித்து முன்பக்கமாக நகர்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்குக் கடைசியில்தான் முறை வரும். ‘இரு, அவசரப்படாதே’ என்று தடுக்கிற பகுதி அதுதான். அது முழுசாகத் தேற இருபத்தைந்து வயதுகூட ஆகிவிடுகிறது. ஆனால், கிளர்ச்சியையும் பாராட்டையும் தேடி ஓடவைக்கும் பகுதி பருவம் வந்த கையோடு விழித்துக்கொள்கிறது. ஆக்ஸிலேட்டர் ரெடி, பிரேக் இன்னும் ஒர்க் ஷாப்பில்!

கிணற்று மேட்டுக் கூட்டாளிகள் விஷயத்துக்கும் பதில் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாவும் கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2005-ல் வெளியிட்டார்கள். நண்பர்கள் சுற்றி நின்றபோது பதின்வயதுக்காரர்கள் எடுத்த ரிஸ்க் எக்கச்சக்கமாக ஏறியது. வயதில் பெரியவர்களுக்கு, யார் நின்றாலும் பெரிய வித்தியாசமில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். அமைதியாக உட்கார வைத்துக் கேட்டால், பதினாறு வயசுக்காரன் பெரியவர்களைப்போலவே சரியாக யோசிக்கிறான். ஆபத்து அவனுக்குப் புரியும். கூட்டாளிகள் பார்க்க, ரத்தம் கொதிக்கிற அந்த நிமிஷத்தில்தான் புத்தி கைகொடுப்பதில்லை.

குற்றம் செய்யும்போது 18 வயது ஆகாதவர்களுக்குத் தூக்கு கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்புச் சொன்னது. மருத்துவ அமைப்புகள் இந்த மூளை ஆய்வுகளை அந்த வழக்கில் முன்வைத்திருந்தன.

இங்கே? நம் சிறார் நீதிச் சட்டம் 2000-ல் ஆண், பெண் இருவருக்கும் வயது வரம்பை 18 ஆக்கியது. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடூரத்தில், ஆறு பேரில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்கள் பாக்கி. மூன்று வருஷம்தான் தண்டனை என்றதும் நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? வயதைக் குறைக்க வேண்டாம் என்றது நீதிபதி வர்மா கமிட்டி. 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஆனால், 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்த இரண்டாவது நாள், புதிய சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதன்படி, கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 - 18 வயதுக்காரரைப் பெரியவர்போல விசாரிக்கலாம். அதற்குமுன் சிறார் நீதி வாரியம் ஒரு மதிப்பீடு செய்யவேண்டும். ‘விளைவு என்ன என்று புரிந்துகொள்ளும் திறன் இவனுக்கு இருந்ததா?’ என்பது அதில் முக்கியமான கேள்வி.

மெக்காலே கேட்ட அதே கேள்வி! வாரியத்தின் அமைதியான அறையில், கூட்டாளிகள் யாருமில்லாதபோது கேட்டால், பதினாறு வயசுக்காரன் ‘புரியும் சார்’ என்றுதான் சொல்வான். அது உண்மையும்கூட. அந்த நிமிஷத்தில் பிரேக் பிடித்திருக்குமா என்பதை அந்தக் கேள்வி தொடுவதேயில்லை. இதற்கு நிபுணத்துவம் வேண்டும், வாரியத்தில் அது இல்லையென்றால் உளவியலாளர்களின் உதவியைப் பெற்றே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது.

பிரேக் முழுசாகப் பொருத்தப்படாத வயது, எளிதில் மாற்றக்கூடிய வயதும்கூட. 2015 சட்டம் அதற்கு ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. பெரியவர்போலத் தண்டிக்கப்பட்ட பையனையும் உடனே சிறைக்கு அனுப்பாமல், பாதுகாப்பு இல்லத்தில் வைக்கிறார்கள். தண்டனை மீதமிருந்தால், ஒரு குறிப்பிட்ட வயதில் திரும்பக் கூப்பிட்டு, ‘இவன் திருந்திவிட்டானா?’ என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கா, சிறைக்கா என்று கோர்ட் முடிவு செய்கிறது.

அது எந்த வயது தெரியுமா? இருபத்தொன்று! 1925-லேயே சென்னை மாகாணம் கோடு போட்ட அதே இருபத்தொன்று.