கல்லின் வரியும் கணக்கின் விதியும்

கணிப்பொறியில் வரையப்பட்ட ஒரு பளிங்குக் குவளையைப் பார்க்கும்போது, அதன்மேல் ஓடும் கரிய வரிகள் எங்கிருந்து வந்தன என்று நாம் கேட்பதில்லை. யாரோ உண்மையான கல்லைப் படமெடுத்து ஒட்டியிருப்பார்கள் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். பல வேளைகளில் அது உண்மையும்கூட. ஆனால் எந்தப் படத்தின் துணையும் இன்றி, சில வரிக் கணக்கிலிருந்தே பளிங்கின் வரிகளையும் மரத்தின் வளையங்களையும் மேகத்தின் திட்டுகளையும் பிறப்பிக்கும் முறை ஒன்று 1980களில் உருவாயிற்று. விதிக்கும் படைப்புக்கும் உள்ள உறவைப் பற்றிய வரலாறு அது. யாப்போடு பழகிய நமக்கு அந்த உறவு அந்நியமானதன்று.

கணிப்பொறி வரைகலையின் தொடக்க காலத்தில் உருவங்கள் யாவும் மழுமழுவென்று பிளாஸ்டிக் பொம்மைகள் போலவே இருந்தன. வடிவம் இருந்தது, தோலின் சொரசொரப்பு இல்லை. 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு தீர்வை முன்வைத்தார். தட்டையான படம் ஒன்றை வளைந்த பரப்பின்மீது போர்த்திவிடுவது என்பதே அது. இன்றளவும் வழக்கிலுள்ள முறைதான். எனினும் போர்வைக்குரிய குறைகள் அதற்கும் உண்டு. உருண்டையான பொருளின்மேல் தாளைச் சுற்றினால் ஓரிடத்தில் இழுபடும், ஓரிடத்தில் சுருங்கும், இரு ஓரங்கள் சேருமிடத்தில் தையல் தெரியும். சிறிய படத்தைப் பெரிய பரப்பில் அடுக்கினால் ஒரே கறை திரும்பத் திரும்ப வந்து குட்டை உடைக்கும்.

1982இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ட்ரான்' திரைப்படத்துக்குக் கணிப்பொறிக் காட்சிகள் செய்த நிறுவனங்களுள் ஒன்று நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த மேகி. அங்கே பணியாற்றியவர் கென் பெர்லின். அக்காட்சிகளின் இயந்திரத்தனமான தோற்றம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. இயற்கையில் எதுவும் முற்றிலும் ஒழுங்காக இல்லை. முற்றிலும் தாறுமாறாகவும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றைக் கணக்கில் பிடிக்க வேண்டும் என்ற தேடலின் விளைவே 1983இல் அவர் உருவாக்கிய 'பெர்லின் நாய்ஸ்'. இரைச்சல் என்று பெயர் பெற்றாலும் இது ஓர் ஒழுங்குபட்ட இரைச்சல்.

அது செயல்படும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம். வெளி முழுவதையும் சமமான கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டத்தின் மூலைக்கும் ஒரு திசை தரப்படுகிறது. எந்த மூலைக்கு எந்தத் திசை என்பதை முன்கூட்டியே கலைத்துப்போட்ட ஓர் எண்பட்டியல் தீர்மானிக்கும். கட்டத்தின் உள்ளே இருக்கும் புள்ளி ஒன்றின் மதிப்பு, சுற்றியுள்ள மூலைகளின் திசைகளிலிருந்து இழைவாகக் கலந்து பெறப்படுகிறது. இதனால் அடுத்தடுத்த புள்ளிகள் திடுக்கென மாறாமல் மெல்ல ஏறி இறங்குகின்றன. ஒரே இடத்தை எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் வரும் என்பது இங்கு முக்கியம். பார்ப்பதற்குத் தற்செயல், உள்ளே மாறாத விதி.

இந்த ஒரு கருவியை வைத்துக்கொண்டு அடுக்குவதுதான் கலை. ஒவ்வொரு அடுக்கிலும் நுணுக்கத்தை இருமடங்காக்கி வலிமையைப் பாதியாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் மேகம் கிடைக்கிறது. நேரான கோடுகளைத் தரும் சைன் அலையை இவ்வடுக்குகளால் கலக்கிவிட்டால் பளிங்கின் வரிகள் தோன்றுகின்றன. ஓர் அச்சைச் சுற்றிய வளையங்களைச் சற்றே நெளியவைத்தால் மரம். 1985இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த சிக்கிராஃப் மாநாட்டில் பெர்லின் இதனைக் கட்டுரையாக வழங்கினார். அதே மாநாட்டில் டார்வின் பீச்சி என்பவரும் தனியாக இதையொத்த கருத்தை அடைந்திருந்தார். பரப்பின்மேல் படத்தைப் போர்த்தாமல், வெளி முழுவதும் கல்லாகவே இருப்பதாகக் கொண்டு அதிலிருந்து உருவத்தைச் செதுக்கி எடுப்பது என்பதே அக்கருத்து. தச்சனும் சிற்பியும் நெடுங்காலமாகச் செய்துவந்தது இதுதான். சிலையை எங்கே வெட்டினாலும் உள்ளே வரி தொடர்ந்து ஓடும். தையல் என்ற பேச்சே இல்லை.

விதியால் கோலம் படைக்கும் சிந்தனைக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு கிளை உண்டு. கேட்மலின் ஆய்வேடு வந்த அதே 1974இல், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் வாசற்கோலங்களுக்கு இலக்கணம் வகுக்கும் கட்டுரை ஒன்றைக் கணிப்பொறி வரைகலைக்கான பன்னாட்டு இதழில் வெளியிட்டனர். கோலத்தை ஒரு மொழியாகவும், புள்ளியும் இழையும் கூடும் முறையை அதன் தொடரியலாகவும் கண்டவர்கள் அவர்கள்.

இயற்கையை நோக்கி விதி காணும் முயற்சி பெர்லினோடு நின்றுவிடவில்லை. விலங்குகளின் உடற்புள்ளிகள், இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவுவதால் தோன்றலாம் என்று ஆலன் டூரிங் 1952இலேயே எழுதியிருந்தார். 1991இல் கிரெக் டர்க் முதலானோர் அதைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்து சிறுத்தைப் புள்ளிகளை வரைந்தனர். சிதறிய புள்ளிகளுள் மிக அருகில் உள்ளது எவ்வளவு தொலைவில் என்ற ஒரே கேள்வியிலிருந்து செதிலையும் கூழாங்கல் பரப்பையும் வரவழைத்தார் ஸ்டீவன் வோர்லி, 1996இல்.

பின்னர் இவை ஓவியர்களின் கைக்கு வந்தன. ஃபோட்டோஷாப் மென்பொருளின் மேகங்கள் ஃபில்டரைச் சொடுக்கிப் பார்க்காத வடிவமைப்பாளர் அரிது. அதன் உடன்பிறப்பான இன்னொரு ஃபில்டரைப் பலமுறை இயக்கினால் பளிங்கின் நரம்புகள் எழும். 2004இல் ஜெர்மானியக் குழு ஒன்று 'க்ரீகர்' என்ற முப்பரிமாண விளையாட்டை வெறும் 96 கிலோபைட்டுக்குள் அடக்கியது. சுவர்களின் துருவும் கறையும் படங்களாகச் சேமிக்கப்படவில்லை. சமையல் குறிப்புப்போல் விதிகளாகவே சேமிக்கப்பட்டிருந்தன.

உடைமை பற்றிய பாடமும் இதில் உண்டு. முதல் இரைச்சல் முறைக்குப் பெர்லின் காப்புரிமை பெறவில்லை. அது உலகெங்கும் பரவியது. 1997இல் ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்ப விருது அவருக்குக் கிடைத்தது. 2001இல் அவர் அளித்த 'சிம்ப்ளெக்ஸ்' என்னும் மேம்பட்ட முறையின் ஒரு பயன்பாட்டுக்கோ காப்புரிமை வந்தது. அதைத் தவிர்க்கவென்றே 2014இல் 'ஓப்பன் சிம்ப்ளெக்ஸ்' என்ற மாற்று முறை எழுந்தது. காப்புரிமை 2022இல் காலாவதியாயிற்று.

அதே 2022இல்தான் சொற்களைக் கொடுத்தால் படம் தரும் மென்பொருள்கள் பொதுமக்களை அடைந்தன. அவற்றுள் பலவும் இரைச்சலிலிருந்தே தொடங்குகின்றன; சிதறிய புள்ளிகளைப் படிப்படியாகத் துடைத்து உருவத்தை வரவழைக்கின்றன. ஆயினும் வேறுபாடு பெரிது. பெர்லினின் விதியை ஒரு மாணவர் படித்து, புரிந்து, திருத்தி எழுதலாம். புதிய மென்பொருளின் அறிவு கோடிக்கணக்கான பிறர் படங்களிலிருந்து திரட்டிய எண்களில் கரைந்து கிடக்கிறது. அதைப் படித்துக்காட்ட எவராலும் இயலாது. தம் படங்கள் கேளாமல் எடுக்கப்பட்டன என்று ஓவியர்கள் சிலர் 2023இல் அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தனர்.

புதியதை வெறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. விளைவு ஒன்றாயிருப்பினும் வழி ஒன்றன்று என்பதே நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. மரப்பட்டை வேண்டும் என்று கேட்பவருக்கு மரத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மரப்பட்டைக்கு விதி எழுத முனைபவரோ, பட்டை ஏன் வெடிக்கிறது, வெடிப்பு ஏன் நெடுக்காக ஓடுகிறது, அடியில் ஏன் தடித்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இலக்கணம் எழுதியவர்கள் வழக்கையும் செய்யுளையும் அப்படித்தான் உற்று நோக்கினார்கள். அந்தப் பார்வைப் பயிற்சியை நம் மாணவர்களுக்குக் கற்பிக்க, கணிப்பொறி வகுப்பிலும்கூட இடம் உண்டு.