ஆசிரியர் பரிமாற்றத் திட்டங்களும் சென்னையும்

ஒரு நாட்டின் பள்ளி ஆசிரியர் வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ சில காலம் தங்கி, தம் தொழில் அறிவை வளர்த்துக்கொண்டு திரும்புவதற்கான ஏற்பாடே ஆசிரியர் பரிமாற்றத் திட்டம் எனப்படுகிறது. சில திட்டங்களில் இரு நாட்டு ஆசிரியர்கள் தம் வகுப்புகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வர். சிலவற்றில் ஆசிரியர் மட்டும் வெளிநாடு சென்று பயில்வார். வேறு சிலவற்றில் வெளிநாட்டு வல்லுநர் இங்கு வந்து பயிற்சி தருவார். சில நாள் கல்விச் சுற்றுலாக்களும் இன்று இவ்வகையில் சேர்த்துப் பேசப்படுகின்றன.

சென்னைக்கு இந்தப் போக்குவரத்தில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. எழும்பூரில் உருவான ஒரு கற்பித்தல் முறை இங்கிலாந்துக்குச் சென்றது. பட்டினப்பாக்கத்துக்கு எதிரே, அடையாற்றின் தென்கரையில் உலகப் புகழ்பெற்ற ஒரு கல்வியாளர் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2024இல் தமிழகத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிரான்சுக்குச் சென்று வந்தனர். ஆசிரியர் கற்ற பாடம் அவரோடு நின்றதா, மற்ற வகுப்பறைகளுக்கும் சென்று சேர்ந்ததா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மதகுருவான ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலேயப் படைவீரர்களுக்குப் பிறந்த சிறுவர்கள் அங்குப் படித்தனர். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களுக்கும் பணியில் அக்கறை குறைவு.

ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து சென்றபோது, பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். செலவில்லாத இம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். ஆசிரியர் அதை ஏற்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் சிறிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும் வேலையை ஒப்படைத்தார். அது நன்றாக நடந்தது. மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு படிப்படியாகப் பள்ளி முழுவதற்கும் விரிந்தது.

தமிழகத் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கு இது புதிதன்று. மணலில் எழுதுவதும், சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்பிக்கச் செய்வதும் அங்கே வழக்கம். 1623இல் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியரான பியெத்ரோ தெல்லா வால்லே, சிறுவர்கள் மணலில் எழுதி ஒருவரோடு ஒருவர் சேர்ந்து படிப்பதைக் குறித்திருக்கிறார். மணலில் எழுதும் முறையை இங்கிருந்து பெற்றதைப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையில் அவர் இங்கிருந்து எடுத்தது எவ்வளவு, தாமே வகுத்தது எவ்வளவு என்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பெல் 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு இலண்டனில் தம் சோதனை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அம்முறை ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதை ஒத்த முறையை இலண்டனில் நடத்தினார். 1811இல் தொடங்கப்பட்ட தேசியக் கழகம் பெல்லின் முறையைப் பின்பற்றும் பள்ளிகளை இங்கிலாந்து முழுவதும் நிறுவியது. பெல்லின் சொந்த ஊரான செயிண்ட் ஆண்ட்ரூசில் அவரது கொடையால் உருவான ‘மெட்ராஸ் கல்லூரி’ என்னும் பள்ளி இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. இம்முறை பரவியதற்கு முதன்மையான காரணம் அதன் எளிமை. ஓர் ஆசிரியரும் சில மூத்த மாணவர்களும் இருந்தால் பெரிய பள்ளியையே நடத்திவிட முடிந்தது.

அடையாற்றின் அக்கரையில் மாண்டிசோரி

பட்டினப்பாக்கம் கடற்கரையின் தென்கோடியில் அடையாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்துக்கு அக்கரையில் மரங்கள் அடர்ந்து தெரிவது பிரம்மஞான சபையின் வளாகம். சபையின் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் 1894இல் இப்பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்கரான சாரா பால்மர் போன்றோர் பின்னர் இங்கு வந்து கல்விப் பணியாற்றினர். எனவே வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்து பணிபுரிவது அடையாறுக்குப் பழகிய ஒன்றாகவே இருந்தது.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்காக அடையாறுக்கு வந்தனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களில் திரும்பிவிடுவதாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். 1940 ஜூனில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் நிலைமை மாறியது. எதிரி நாட்டவர் என்ற முறையில் மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரியின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அவரது எழுபதாவது பிறந்தநாளான 1940 ஆகஸ்ட் 31ஐ ஒட்டி, வைசிராய் மரியோவை விடுவிக்க ஆணையிட்டார். ஆனாலும் போர் முடியும்வரை அவர்களால் இந்தியாவை விட்டுச் செல்ல இயலவில்லை.

இந்தத் தடை தமிழகத்துக்கு ஒரு வகையில் நன்மையாக முடிந்தது. சென்னையைத் தவிரக் கொடைக்கானல், அகமதாபாத், கராச்சி, இலங்கை என்று பல இடங்களில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. 1946இல் மாண்டிசோரி ஐரோப்பா திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். கொடைக்கானலில் கைக்குழந்தைகளோடும் பல வயதுப் பிள்ளைகளோடும் பழகிய அனுபவம் அவருடைய பிற்காலச் சிந்தனையை வளர்த்தது. குழந்தையின் முதல் ஆண்டுகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூலான ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949இல் அடையாறிலிருந்தே வெளியானது. பயிற்சி தர வந்தவரும் இங்கு கற்றுக்கொண்டார்.

இந்த அறிவு எல்லாப் பிள்ளைகளையும் எட்டவில்லை. மாண்டிசோரி முறைக்குத் தனிக் கருவிகளும் நீண்ட பயிற்சியும் தேவை. அதனால் அது பெரும்பாலும் நகரங்களின் கட்டணப் பள்ளிகளில் வேரூன்றியது. அரசின் தொடக்கப் பள்ளிகள் நெடுங்காலம் அதிலிருந்து விலகியே இருந்தன. 2007-08 முதல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், பிள்ளை தன் வேகத்தில் கருவிகளையும் அட்டைகளையும் கொண்டு பயிலும் முறை. மாண்டிசோரி கருத்துகளின் சாயல் அதில் உண்டு.

மெட்ராஸ் பனிப்பந்து

விடுதலைக்குப் பின் ஆசிரியர் பயிற்சியின் அளவு பெருகியது. 1950இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் அமைச்சர்கள் கொழும்புத் திட்டத்துக்கு வித்திட்டனர். 1959இல் ஆக்ஸ்போர்டில் நடந்த காமன்வெல்த் கல்வி மாநாடு புலமைப்பரிசில் திட்டத்தை வகுத்ததோடு, ஆசிரியர் பயிற்சிக்கான உதவித்தொகைகளுக்கும் வழிசெய்தது. இந்திய ஆசிரியர்களும் கல்வி அலுவலர்களும் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குச் செல்லும் வாய்ப்பு விரிந்தது. ஆனால் பல்லாயிரம் ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப எந்த அரசாலும் இயலாது.

அந்தச் சிக்கலுக்குச் சென்னை மாநிலம் 1959இல் ஒரு விடை தேடியது. பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி இயக்கம் தொடங்கியது. வல்லுநர்கள் முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி தருவர். அக்குழுவினர் மாநிலத்தின் பல மையங்களில் அடுத்த குழுவினருக்குத் தருவர். அவர்கள் வழியாகத் தொடக்க நிலை ஆசிரியர்கள் 27,000 பேரை எட்டுவது குறிக்கோள். உருளும்போது பெருத்துக்கொண்டே போகும் பனிப்பந்தைப் போன்றது என்பதால் கல்வி உலகில் இது ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று அழைக்கப்பட்டது.

அடுக்கடுக்காகப் பயிற்சி தரும் இம்முறை பிற்காலத்தில் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. அதன் குறையும் எங்கும் ஒன்றே. முதல் குழு பெற்ற தெளிவு ஒவ்வொரு படி இறங்கும்போதும் குறைகிறது. கடைசி ஆசிரியரிடம் சில வாய்பாடுகளே போய்ச் சேர்கின்றன. அவற்றின் பின்னுள்ள காரணம் சேர்வதில்லை.

பனிப்பந்து பரப்பியது வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திப் பழக்கும் முறை. அது போதுமா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் வேறொரு முறையைச் சோதித்தார். இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், வரைபடம் பார்த்து வழி சொல்லுதல், கால அட்டவணையைப் படித்துக் கேள்விக்கு விடை காணுதல் போன்ற பணிகள் பிள்ளைகளுக்குத் தரப்பட்டன. ‘பெங்களூர் திட்டம்’ என்ற பெயரில் இது உலகெங்கும் மொழி ஆசிரியர்களின் பாடத்தில் இடம்பெற்றது. பெல்லின் காலத்துக்குப் பின் மீண்டும் தென்னிந்திய வகுப்பறை ஒன்றின் அனுபவம் வெளிநாடு சென்றது.

புல்பிரைட் முதல் ஜப்பான் வரை

அமெரிக்காவில் செனட்டர் வில்லியம் புல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. போருக்குப் பின் பிற நாடுகளில் எஞ்சியிருந்த அமெரிக்கப் பொருள்களை விற்ற பணம் கல்விப் பரிமாற்றத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் 1950 பிப்ரவரி 2 அன்று இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2008 முதல் செலவை இரு அரசுகளும் பகிர்ந்துகொள்ள, திட்டம் புல்பிரைட் - நேரு என்ற பெயரைப் பெற்றது.

இதில் பள்ளி ஆசிரியர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவில் ஆசிரியர் ஒரு பருவம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் பயின்று, தம் வகுப்பறை தொடர்பான ஆய்வுத் திட்டம் ஒன்றை முடிக்க வேண்டும். இன்னொன்று சில வாரப் பயிற்சி. நல்கை பெற்றவர் பொதுவாக இரண்டாண்டு தாயகத்தில் தங்கிய பிறகே அமெரிக்காவில் நிலையாகக் குடியேறவோ சில வகைப் பணி விசாக்களைப் பெறவோ முடியும். கற்றது சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே இந்த விதியின் நோக்கம்.

ஜப்பான் அரசும் ஆசிரியர் பயிற்சிக்கென உதவித்தொகை வழங்குகிறது. 35 வயதுக்கு உட்பட்ட, ஐந்தாண்டுப் பணி அனுபவம் உள்ள ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்குத் தங்கிப் படிக்கலாம். தொடக்கத்தில் ஜப்பானிய மொழியும் கற்பிக்கப்படும்.

இரு ஆசிரியர்கள் தம் இடத்தை மாற்றிக்கொள்ளும் பழைய வகைப் பரிமாற்றம் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா ஆகியவற்றுக்கிடையே எளிதாக நடந்தது. அதில் ஒவ்வொருவரும் தம் நாட்டு ஊதியத்தையே பெறுவர். இந்திய ஊதியத்தில் இலண்டனில் ஓராண்டு வாழ்வது கடினம் என்பதால், நம் நாட்டிலிருந்து செல்வோர் பெரும்பாலும் நல்கையையே நம்ப வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியரின் பயணம்

இந்தியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்களை மாநில அரசே வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. டெல்லி அரசு தன் ஆசிரியர்களைச் சிங்கப்பூர், பின்லாந்து போன்ற நாடுகளுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் பின்லாந்துப் பயிற்சியின் செலவும் பயனும் பற்றித் துணைநிலை ஆளுநர் விளக்கம் கேட்டது பெரும் அரசியல் சர்ச்சையானது. அடுத்த மாதமே பஞ்சாப் அரசு பள்ளி முதல்வர்கள் 36 பேரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது.

தமிழகத்தில் பள்ளிக் கல்வித்துறை ‘கனவு ஆசிரியர்’ என்ற பெயரில் பல கட்டத் தேர்வு நடத்தி 380 ஆசிரியர்களைத் தெரிவு செய்தது. முன்னிலை மதிப்பெண் பெற்ற 54 பேர் 2024 அக்டோபரில் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா சென்றனர். மற்றவர்களுக்கு உள்நாட்டுப் பயணம் ஏற்பாடாயிற்று. பரிந்துரையின்றித் தேர்வின் வழியாக, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் கற்பிப்பவருக்கும் இவ்வாய்ப்பு திறந்திருப்பது குறிப்பிடத்தக்கது. வெளிநாட்டு நல்கைகள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கட்டுரையும் ஆங்கிலத் தகுதியும் தேவைப்படுவதால், அவ்வாசிரியர்கள் முன்பு தொடக்கத்திலேயே ஒதுங்கிவிட நேர்ந்தது. ஆனால் சில நாள் சுற்றுலாவில் ஒரு வகுப்பறையின் அன்றாடப் போக்கைக் காண முடிவதில்லை. நீண்ட பயிற்சிக்கு வேறு தடைகள் உள்ளன. துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், விடுப்பு வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஆறு மாதம் சென்றால் மற்றவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும்.

மதிப்பீடு

ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966 அக்டோபர் 5 அன்று ஏற்ற பரிந்துரை, வெளிநாட்டுப் பயணத்தின் மதிப்பை அரசுகள் உணர வேண்டும் என்கிறது. செல்பவரின் பணியிடத்துக்குப் பாதுகாப்பு வேண்டும், திரும்பியவர் தம் அனுபவத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர ஊக்கம் தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்த நாளே 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சென்னையின் அனுபவம் இந்தப் பரிந்துரையின் கடைசிப் பகுதிக்கே அழுத்தம் தருகிறது. பெல்லின் முறை மலிவாக இருந்ததால் பரவியது. மாண்டிசோரியின் பயிற்சி ஆழமாக இருந்தும், கருவிகளுக்குச் செலவிட முடிந்த பள்ளிகளிலேயே பெரிதும் தங்கியது. பனிப்பந்து பல்லாயிரம் பேரை நோக்கிச் சென்றாலும் வழியில் உருகியது. திரும்பிவரும் ஆசிரியருக்குத் தம் வட்டார ஆசிரியர்களைச் சந்திக்க நேரமும், புதிய முறையைத் தம் வகுப்பில் ஓராண்டாவது சோதிக்க உரிமையும், அதற்கான சிறு செலவுத் தொகையும் கிடைக்கும்போதே பயணம் பள்ளியின் சொத்தாகிறது. இவை கிடைக்காதபோது அது அவருடைய சொந்த நினைவாக மட்டுமே எஞ்சுகிறது.